ஒரே அப்டேட், மூன்று இடத்தில் நின்ற லேப்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

லேப்டாப்புக்கு நாலைந்து வயது. இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸர், 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11 புரோ. தயாரித்த நிறுவனம் எது என்பது இங்கே தேவையில்லை. எந்தப் பெயர் ஒட்டிய மெஷினிலும் இது நடக்கலாம். உரிமையாளர் கணக்கு எழுதுபவர், வயதில் மூத்தவர். பலருடைய வரவுசெலவு முழுக்க இதற்குள்தான் இருந்தது. பேக்கப் என்று ஒரு பென் டிரைவ் வைத்திருந்தார். அதில் இருந்ததெல்லாம் பல மாதங்களுக்கு முந்தைய கோப்புகள்.

மாலையில் வேலையை முடித்துவிட்டு 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' என்பதை அழுத்தியிருக்கிறார். வழக்கம்போல சதவீதம் ஓடியது. மெஷின் ஒருமுறை அணைந்து எழுந்தது. பிறகு நிறுவனத்தின் சின்னமும் அதற்குக் கீழே ஒரு பட்டையும் வந்தன. பட்டை பாதி நகர்ந்திருக்கும்போது திரை கறுத்தது, மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். அசைவே இல்லை. ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து, அணையும்வரை பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தார். மறுபடி ஆன் செய்தால் பவர் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

என்னிடம் வருவதற்குள் போனிலேயே மூன்று பேரிடம் கேட்டிருந்தார். ஒருவர் மதர்போர்டு போய்விட்டது என்றார். இன்னொருவர் அப்டேட் கோளாறுதான், ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்றார். மூன்றாமவர் கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டி அடிவாங்கியிருக்கும் என்றார். கேட்பதற்கு மூன்றுமே நியாயமாகத்தான் இருக்கும். கடைசியில் மூன்றும் தவறு என்று தெரிந்தது. ஆனால் வேலை போகப் போக, 'அவர் சொன்னதுதான் சரியோ' என்று தோன்றவைத்த கட்டம் மூன்று பேருக்குமே ஒவ்வொன்று வந்தது.

"தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு. அப்டேட்டே போடாம இருந்திருக்கலாம்" என்றார். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருவோம்.

எந்தப் படியில் நிற்கிறது?

செத்துவிட்டது என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் பழுதுபார்க்க முடியாது. பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை கட்டுப்பாடு கைமாறிக்கொண்டே போகிறது. அது எந்தக் கையில் நின்றுபோனது என்று பிடிப்பதுதான் முதல் வேலை. மதர்போர்டில் உள்ள சின்னக் கன்ட்ரோலர் மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. அப்புறம் பயாஸ், மதர்போர்டு சிப்பிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள். இப்போதைய மெஷின்களில் இருப்பது யுஇஎஃப்ஐ, ஆனாலும் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். அது ரேமையும் திரையையும் எழுப்பி, டிஸ்க்கில் உள்ள பூட் மேனேஜரிடம் வேலையைக் கொடுக்கிறது. பூட் மேனேஜர் டிஸ்க்கின் பூட்டைத் திறந்து, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றுகிறது. கெர்னல் எழுந்ததும், அதுவரை பயாஸ் உதவியோடு படித்துவந்த அதே டிஸ்க்கைத் தன் சொந்த டிரைவரை, அதாவது வன்பொருளோடு பேச உதவும் மென்பொருளை, வைத்துப் புதிதாகத் தேடிப் பிடிக்கிறது. இந்தக் கடைசிப் படி இந்தக் கதையில் பெரிய இடம் பிடிக்கப்போகிறது.

அப்டேட் என்ற ஒரே பெயரில் வருபவை இந்தப் படிகளில் எதை வேண்டுமானாலும் தொடும். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தம் விண்டோஸ் கோப்புகளை மாற்றும். டிரைவர் அப்டேட் கெர்னலோடு விளையாடும். பயாஸ் அப்டேட் மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே எழுதும். இதுவும் இப்போது விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 'கேப்சூல்' என்ற பொட்டலமாக அதை வைத்துவிட்டு விண்டோஸ் ரீஸ்டார்ட் ஆகும். அடுத்து எழும்போது, விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துத் தன்னைத்தானே மாற்றி எழுதிக்கொள்ளும்.

நிறுவனச் சின்னத்துக்குக் கீழே பட்டை நகர்ந்தது என்று அவர் சொன்னதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. விண்டோஸ் அப்டேட்டின் திரையில் சுற்றும் புள்ளிகளும் சதவீதமும்தான் இருக்கும். பட்டை என்றால் அநேகமாக பயாஸ் எழுதப்படுகிறது. அந்த நேரத்தில் திரை கறுப்பாவது, விசிறி அலறுவது, தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எழுவது எல்லாமே இயல்பு. பயாஸ் மாறிய பிறகு ரேமின் நேர அளவுகளை மெஷின் மறுபடி சோதித்து நிர்ணயித்துக்கொள்ளும். டிடிஆர்5 ரேம் உள்ளவற்றில் இதற்கு மட்டுமே சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு போகலாம். அதாவது, அவர் பொத்தானை அழுத்திய நேரத்தில் மெஷின் ஹேங் ஆகியிருக்கவில்லை. செய்யவேண்டிய வேலையைச் செய்துகொண்டிருந்தது.

முதல் நிறுத்தம்: பயாஸ்

திரை வரவில்லை என்பதும் மெஷின் எழவில்லை என்பதும் வேறுவேறு. முதலில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். விளக்கு மாறினால் உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் பிரச்சினை என்று பொருள். மாறவில்லை. திரையின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்விளக்கு மட்டும் போயிருந்தால் மங்கலாகவாவது எழுத்து தெரியும். தெரியவில்லை. ஹெச்டிஎம்ஐ வழியாக வெளி மானிட்டர் இணைத்தும் ஒன்றுமில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பிடித்து, பலகையில் தங்கியிருக்கும் மின்சாரத்தை வடித்துப் பார்த்தேன். பல லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும், அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். இது எழவில்லை.

ஆனால் சார்ஜர் பக்கத்து விளக்கு ஒரே மாதிரியாக விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. தற்செயலான மினுக்கல் அல்ல அது. பெரும்பாலான நிறுவனங்கள், திரை வராத நிலையில் என்ன கோளாறு என்று சொல்ல விளக்கின் மினுக்கலையோ பீப் ஒலியையோதான் பயன்படுத்துகின்றன. அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இந்த எண்ணிக்கைக்கு நேரே பயாஸ் பழுது என்று இருந்தது. ரேம், பிராசஸர் ஆகியவற்றுக்கு வேறு எண்ணிக்கை. போனில் மதர்போர்டு என்று சொன்னவர் இந்த விளக்கைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பயாஸ் பாதியில் நின்ற மெஷின் அப்படியே முடிந்துபோனதாக நினைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது வரும் லேப்டாப்களில், முதன்மைப் பகுதி கெட்டாலும் அழியாத சின்னப் பகுதி ஒன்றை பயாஸ் சிப்பிலேயே ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட பொத்தான் சேர்க்கையைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் அந்தப் பகுதி பென் டிரைவில் மீட்புக் கோப்பைத் தேடும். பல ஹெச்பி மாடல்களில் விண்டோஸ் பொத்தானும் பி-யும், பல டெல் மாடல்களில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும். மற்றவற்றுக்கு அந்தந்த மாடலின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் பலரும் சறுக்குவது பென் டிரைவில்தான். அது எஃப்ஏடி32 என்ற வகையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு அந்தத் தேர்வையே காட்டாமல் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்கிவிடும். மீட்புப் பகுதிக்கு அது புரியாது. கோப்பின் பெயரும் அந்த மாடல் எதிர்பார்க்கும் பெயராகவே இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் கண்டுகொள்ளாது. மாடல் எண்ணை மேல்மூடியில் அச்சடித்த விளம்பரப் பெயரை வைத்துத் தேடாமல் அடிப்பக்க ஸ்டிக்கரை வைத்துத் தேட வேண்டும். ஒரே விளம்பரப் பெயரில் நாலு விதமான மதர்போர்டு இருப்பது சாதாரணம். சின்ன கொள்ளளவு பென் டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்து, நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்குரிய கடைசி பயாஸைப் போட்டு, சார்ஜரை இணைத்து, பொத்தான்களைப் பிடித்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. பென் டிரைவின் விளக்கு மட்டும் சிமிட்டியது. அது போதும், கோப்பை யாரோ படிக்கிறார்கள். அதற்குப் பிறகு செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது. வெகுநேரம் கழித்து நிறுவனச் சின்னம் வந்தது.

இது பலிக்காமல் போயிருந்தால் அடுத்த வழி, மதர்போர்டில் உள்ள எட்டுக்கால் சிப்பில் கிளிப் மாட்டி, புரோகிராமர் என்ற கருவியால் நேரடியாக எழுதுவது. தெரிந்தவர் கையில் கொடுக்கவேண்டிய வேலை அது. சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்க்காமல் மாட்டினால் சிப்பே போய்விடும். தளத்தில் கிடைக்கும் கோப்பை அப்படியே எழுதினால், அதே சிப்பில் இருக்கும் சீரியல் எண்ணும் விண்டோஸ் உரிமச் சாவியும் அழிந்துவிடக்கூடும். அதனால் முதலில் சிப்பில் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சேமித்துக்கொண்டுதான் மேலே போவார்கள்.

மென்பொருள் அப்டேட், பயாஸ் போலச் சிப்பிலேயே இருக்கும் ஃபர்ம்வேரைக் கெடுப்பது ஒன்றும் புதிதல்ல, எல்லாப் பழியும் பொத்தானை அழுத்தியவர்மேல் விழுவதும் இல்லை. 2017 டிசம்பரில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 17.10 பதிப்பின் தரவிறக்கத்தையே நிறுத்தினார்கள். அதன் கெர்னலில் இயக்கப்பட்டிருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர், சில லெனோவா லேப்டாப்களின் பயாஸ் சிப்பை எழுதமுடியாதபடி பூட்டிவிட்டது. பயாஸில் செய்த மாற்றம் எதுவும் நிற்கவில்லை. யுஎஸ்பி வழியாக பூட் செய்யக்கூட முடியாத மெஷின்கள் இருந்தன. 2021 அக்டோபரில் மேக்ஓஎஸ் மான்டெரே வந்தபோது டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்பு சிப் கொண்ட சில மேக்குகள் எழாமல் போயின. அங்கேயும் சிக்கல் அந்தச் சிப்பின் ஃபர்ம்வேரில்தான். இன்னொரு மேக்கைக் கேபிளால் இணைத்து 'ரிவைவ்' செய்தால் தரவைத் தொடாமல் ஃபர்ம்வேரை மட்டும் திரும்ப எழுதலாம். பக்கத்திலேயே இருக்கும் 'ரீஸ்டோர்' எல்லாவற்றையும் அழித்துவிடும். அவசரத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

இரண்டாம் நிறுத்தம்: 48 இலக்கம்

சின்னம் வந்த மகிழ்ச்சி அடுத்த திரையிலேயே போனது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், மீட்புச் சாவியைக் கேட்டது.

"நான் எந்தப் பூட்டும் போடலையே தம்பி" என்றார். உண்மைதான், அவர் போடவில்லை. பல புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்து முதல்முறை உள்நுழையும்போதே டிஸ்க் முழுவதும் தானாக மறைகுறியாக்கம் ஆகிவிடுகிறது. அதன் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பிடம் இருக்கும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் பயாஸ் நிலை, நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட்டின் நிலை போன்றவற்றின் அளவைச் சரிபார்த்து, எல்லாம் முன்பு போலவே இருந்தால் மட்டும் டிபிஎம் சாவியைக் கொடுக்கும். மீட்புக்குப் பிறகு பயாஸ் அமைப்புகள் எல்லாம் ஆலை நிலைக்குப் போய்விட்டன. மீசையை மழித்துவிட்டு வந்த முதலாளியை வாசலிலேயே நிறுத்திவைத்த காவலாளி மாதிரி, டிபிஎம் கதவைத் திறக்க மறுத்தது.

ஃபார்மட் செய்யச் சொன்னவரின் குரல் இந்தக் கட்டத்தில்தான் காதில் ஒலித்தது. சாவி கிடைக்காவிட்டால் உண்மையிலேயே அதுதான் மிஞ்சும் வழி. குறுக்குவழி கிடையாது. ஆன்லைனில் 'பிட்லாக்கர் உடைப்பான்' என்று கிடைப்பவை சாவி உங்களிடம் இருந்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. அதனால் சாவியைத் தேடுவதில் எவ்வளவு நேரம் போனாலும் தகும்.

அவர் சொன்ன மின்னஞ்சலில் நுழைந்து பார்த்தால் அந்தக் கணக்கில் எந்தச் சாவியும் இல்லை. பலர் இங்கேயே கைவிட்டுவிடுவார்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த விண்டோஸை நிறுவிய அன்று முதன்முதலில் யாருடைய கணக்கில் உள்நுழைந்தார்கள்? மெஷினைத் தயார் செய்து கொடுத்த மகன், அலுவலகம், பழைய மின்னஞ்சல் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கேட்கக் கேட்க ஒரு தகவல் வந்தது. முன்பு ஒருமுறை எஸ்எஸ்டி போதவில்லை என்று பெரிதாக மாற்றியிருக்கிறார். அப்போது விண்டோஸைப் புதிதாக நிறுவியிருக்கிறார்கள். அன்று கொடுத்தது இப்போது பயன்படுத்தாத பழைய மின்னஞ்சல். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மீட்டு உள்ளே போனால் சாவி இருந்தது. திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளும் பட்டியலில் இருப்பவையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். சாவி ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டம். ஒவ்வொரு ஆறிலக்க எண்ணும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் அந்தக் கட்டத்திலேயே சொல்லிவிடும். நல்ல ஏற்பாடு.

எஸ்எஸ்டி மாற்றிய அந்தத் தகவலைச் சும்மா கேட்டுக்கொண்டேன், அடுத்த கட்டத்துக்கும் அதுதான் திறவுகோல் என்று அப்போது தெரியாது.

இந்தச் சாவி எவ்வளவு பெரிய தடை என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள், விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரையில் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. பிழைக் கோப்பை நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டது, ஆனால் விழுந்த கணினிகளால் இணையத்துக்கே வரமுடியவில்லை. தீர்வு எளிது: சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும். அங்கே போவதற்கு பிட்லாக்கர் பூட்டிய ஒவ்வொரு மெஷினிலும் 48 இலக்கம் அடிக்கவேண்டியிருந்ததுதான் பல இடங்களில் நாட்களைத் தின்றது.

மூன்றாம் நிறுத்தம்: காணாமல் போன டிஸ்க்

சாவியை ஏற்றுக்கொண்டது. புள்ளிகள் சுற்றின. உடனே நீலத்திரை: 'இன்ஆக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்', அதாவது பூட் ஆகவேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை. ரீஸ்டார்ட், மறுபடி அதே. தொடர்ந்து பூட் தோற்றதும் விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழலுக்குப் போனது. 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' தன்னால் முடியாது என்றது. அப்டேட்டை நீக்கும் தேர்வும் பலிக்கவில்லை.

அப்டேட்டுக்குப் பின் இந்த நீலத்திரை வந்தால் வழக்கமாகச் சந்தேகப்படுவது பாதியில் நின்ற நிறுவலை. மீட்புச் சூழலின் கமாண்ட் ப்ராம்ப்டில் விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் டிஸ்ம் கட்டளையை வைத்து நிலுவை மாற்றங்களைத் திரும்பப் பெறுவது அதற்கான மருந்து, பலமுறை கைகொடுத்தும் இருக்கிறது. அதற்காகத்தான் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்தேன். பூட்டிய டிரைவ் இருந்தால் அது திறக்கும்போது சாவியைக் கேட்கும். கேட்கவில்லை. டிஸ்க்குகளைக் கையாளும் கட்டளையான டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் டிஸ்க்' அடித்தேன். செருகியிருந்த பென் டிரைவ் மட்டும் பட்டியலில் இருந்தது. எஸ்எஸ்டியே இல்லை.

இதைப் பார்க்கும் யாருக்கும் எஸ்எஸ்டி செத்துவிட்டது என்றுதான் தோன்றும். விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியைப் போட்டிருந்தால் அதுவும் 'டிரைவ் எதுவும் இல்லை' என்றே சொல்லியிருக்கும். புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டிருந்தால் அதையும் காட்டியிருக்காது, பிறகு பழி மறுபடி மதர்போர்டுக்குத்தான் போயிருக்கும்.

ஆனால் இதில் ஓர் இடம் இடிக்கிறது. பூட் மேனேஜர் அந்த எஸ்எஸ்டியிலிருந்துதான் வந்தது. சாவியை அடித்ததும் அந்த எஸ்எஸ்டியின் பூட்டைத்தான் திறந்தது. நீலத்திரை காட்டிய கெர்னலும், இப்போது நான் கட்டளை அடித்துக்கொண்டிருந்த மீட்புச் சூழலும் அங்கிருந்து படிக்கப்பட்டு ரேமுக்கு வந்தவைதான். சில நொடிகளுக்கு முன்புவரை பிழையில்லாமல் படிக்கப்பட்ட டிஸ்க் திடீரென்று காணாமல் போகிறதென்றால், பார்க்கும் கண்ணில்தான் கோளாறு. பயாஸுக்குத் தெரிகிறது, விண்டோஸுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது டிரைவர்.

இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு ஆலையிலேயே இயக்கப்பட்டு வருகிறது. எஸ்எஸ்டியை நேரடியாகக் காட்டாமல் தன் பின்னால் வைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர் அது. அதற்கான இன்டெல் டிரைவர் இல்லாத விண்டோஸுக்கு எஸ்எஸ்டி கண்ணுக்கே படாது. விண்டோஸ் நிறுவும்போது 'டிரைவ் இல்லை' என்று வந்தால் டிரைவரை ஏற்றலாம், அல்லது பயாஸில் போய் விஎம்டியை அணைத்துவிடலாம். பெரும்பாலானோர் இரண்டாவதைத்தான் செய்வார்கள், ஒரு நிமிட வேலை. எஸ்எஸ்டி மாற்றியவரும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். அதில் தவறில்லை, எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பயாஸ் மீட்பில் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பியதும் விஎம்டியும் உயிர்பெற்றுவிட்டது. அந்த விண்டோஸோ விஎம்டியைப் பார்த்ததே இல்லை.

பயாஸில் போய்ப் பார்த்தேன். விஎம்டி இயங்கிக்கொண்டிருந்தது. உடனே அணைத்துப் பார்க்க மனம் துடிக்கும். அதற்கு முன் எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு, வேறொரு லேப்டாப்பில் இணைத்து அதே 48 இலக்கத்தைக் கொடுத்தேன். திறந்தது. கணக்குக் கோப்புகள் எல்லாம் முழுசாக இருந்தன. அவற்றைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, நாலைந்து கோப்புகளை அவரையே திறந்து பார்க்கச் சொன்ன பிறகுதான் எஸ்எஸ்டி திரும்பப் போனது. என் ஊகம் தவறாக இருந்தாலும் இனி இழப்பதற்கு எதுவுமில்லை. எஸ்எஸ்டியை மதர்போர்டிலேயே பற்றவைத்த மெல்லிய மாடல்களில் இந்த வசதி கிடையாது, அங்கே கை இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

விஎம்டியை அணைத்தேன். பிட்லாக்கர் மறுபடி சாவி கேட்டது, அமைப்பு மாறியிருக்கிறதே. கொடுத்தேன். 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்று சற்று நேரம் காட்டிவிட்டு டெஸ்க்டாப் வந்தது.

யார் மீது குற்றம்

பதிவுகளைப் பார்த்ததில் அன்று இரண்டு பொருள் சேர்ந்து இறங்கியது தெரிந்தது: மாதாந்திரத் திருத்தம் ஒன்று, பயாஸ் ஒன்று. மாதாந்திரத் திருத்தத்துக்கு இந்தக் கதையில் எந்தப் பங்கும் இல்லை. திரும்ப நிறுவியபோது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறிக்கொண்டது. பயாஸ் அப்டேட் தன்னளவில் பிழையானதல்ல. மீட்பில் நான் எழுதியதும் அதே பதிப்புதான். பாதியில் வெட்டுப்பட்டது முதல் காரணம். சாவி இருக்கும் இடம் உரிமையாளருக்கே தெரியாதது அடுத்தது. ஆலை நிலையிலிருந்து மாறிய ஓர் அமைப்பு யார் நினைவிலும் இல்லாதது மூன்றாவது. கடைசி இரண்டும் அப்டேட்டுக்கு வெகுகாலம் முன்பிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தவை.

பவர் பொத்தானை அழுத்தியதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அணைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை சின்ன எழுத்தில் சில நொடி தெரிந்துவிட்டு, பிறகு நிமிடக்கணக்கில் எந்தச் சைகையும் இல்லாத கறுப்புத் திரை. அந்த இடத்தில் பொறுமை காக்கச் சொல்வது வடிவமைத்தவர்களின் வேலை. ஒரு விளக்கை மெதுவாக மினுக்கவிட்டிருந்தால்கூடப் போதும். பழுதைச் சொல்ல விளக்கு வைத்தவர்கள், வேலை நடக்கிறது என்பதைச் சொல்ல ஏன் வைக்கவில்லை என்று தெரியவில்லை.

உண்மையாகவே திருத்தம்தான் குற்றவாளி என்ற நிகழ்வுகளும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வந்த விண்டோஸ் திருத்தம் பழைய ஏஎம்டி பிராசஸர் கொண்ட சில கணினிகளை எழவிடாமல் செய்தது. மைக்ரோசாஃப்ட் அந்த மெஷின்களுக்கு மட்டும் அதை நிறுத்திவைத்தது. இன்னொரு வகை, சாகக் காத்திருக்கும் வன்பொருள். விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுப்பது வழக்கமாக முழு அணைப்பு அல்ல; ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் மெஷினில் கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுபடி எடுக்கப்படும். அதனால் பல மாதங்களில் முதல் முழு ரீஸ்டார்ட்டே அப்டேட்டின்போதுதான் நடக்கும். பல ஜிபி எழுதும் சுமையும் அன்றுதான் வரும். தேய்ந்த எஸ்எஸ்டி அன்றைக்கு விழுந்தால் பெயர் அப்டேட்டுக்குப் போகும். இந்த லேப்டாப்பில் எஸ்எஸ்டி தன் ஆரோக்கியத்தைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அளவுகள் நன்றாகவே இருந்தன. பேட்டரி அறிக்கையில் மட்டும் முழுச் சார்ஜ், வடிவமைப்புக் கொள்ளளவில் பாதிக்கும் கீழே இருந்தது. பயாஸ் எழுதும்போது மின்சாரம் போயிருந்தால் இந்த பேட்டரி தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். மாற்றச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் சில்லறை வேலைகள். செக்யூர் பூட் இயங்குகிறதா என்று உறுதிசெய்தேன். பிட்லாக்கர் பாதுகாப்பை ஒருமுறை இடைநிறுத்தி மறுபடி இயக்கினேன். டிபிஎம் புதிய நிலையை ஏற்றுக்கொண்டது, அடுத்தடுத்த ரீஸ்டார்ட்டில் சாவி கேட்கவில்லை. பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் அவருடைய போனிலேயே படம் எடுத்து வைக்கச் சொன்னேன். மீட்புச் சாவியை அச்சடித்துக் கணக்குப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியில் வைத்தார். லேப்டாப் பையில் வைக்கப் போனவரைத் தடுக்கவேண்டியிருந்தது.

அப்டேட்டை நிறுத்திவிடலாமா என்று மறுபடி கேட்டார். மாதாந்திரத் திருத்தங்களை நிறுத்த நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிறருடைய கணக்கை வைத்திருக்கும் மெஷினில் அது ஆபத்து. பயாஸ் விஷயத்தில் வேறு முடிவு எடுத்தோம். விண்டோஸ் வழியாகக் கேப்சூல் வருவதை அனுமதிக்கும் தேர்வு அந்த மெஷினின் பயாஸ் அமைப்பிலேயே இருந்தது. அதை அணைத்துவிட்டேன். இனி பயாஸ் பதிப்பு வந்தால், என்ன ஓட்டையை அடைக்கிறது என்று படித்துவிட்டு, பிட்லாக்கரை இடைநிறுத்தி, சார்ஜர் இணைப்பில், வேலை இல்லாத நாளில் கையால் போடுவது. எழுதி முடிந்ததும் அமைப்புகள் ஆலை நிலைக்குப் போயிருக்கிறதா என்று போனில் உள்ள படங்களோடு ஒப்பிடுவது. விஎம்டிக்கு நேரே உள்ள படத்தில் மட்டும் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.